கட்டைவிரலை எடுக்காத ரத்தினவேல்

சங்ககிரிக்கு அருகே ஒரு புதுமனை புகுவிழா. பசுவையும் கன்றையும் வாசற்படி தாண்ட வைக்க நாலு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்; நான் படமெடுத்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தேன். நாமக்கல்லிலிருந்து சரோஜா, ரத்தினவேல் அண்ணனின் மனைவி.

"அண்ணா, அவரு போயிட்டாருங்க. கடையில வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதே வலிப்பு வந்துருச்சு. மேசை முனையில தலை அடிச்சு உளுந்துட்டாரு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க."

அந்த வலிப்பு அவருக்குப் பிறப்பிலேயே வந்த நோய் அல்ல. மூன்று பேர் இரும்புக் குழாயால் அடித்து உண்டாக்கியது. அந்த அடி விழுந்த நாளில் நானும் அதே கடையில் இருந்தேன். அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது ஒன்று, நடந்தது வேறொன்று. அவர் இருந்தவரை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேலம், நாமக்கல் பக்கம் கேமராவை வைத்துப் பிழைக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். பரமத்தி சாலையில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்கு அடுத்து, கேமரா பழுதுபார்க்கும் ஒற்றை அறைக் கடை. சுத்தியல் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, மயிரிழை போன்ற கம்பிகளைப் பற்றவைப்பார். பாதிப் பேராவது அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். சிலர் அடியும் வாங்கியிருக்கிறீர்கள். "வாய்க்கு முந்தி கை போயிருமுங்க அவருக்கு" என்று சரோஜாவே சொல்வார். செத்தவர் என்பதற்காக அதை மறைக்க நான் விரும்பவில்லை.

நான் வாங்கிய அறையிலிருந்தே தொடங்குகிறேன். அப்போது புதிய கேமரா வாங்கியிருந்தேன். ஃபோகஸ் சில நேரம் தானாக நழுவியது. கோளாறு லென்சில் இல்லை, கேமராவுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளில்தான், அதைப் புதிதாக ஏற்றினால் சரியாகும் என்றார். கார்டில் கோப்பைப் போட்டு, அப்டேட்டைத் தொடங்கிவிட்டு, "கையை வைக்காத" என்று சொல்லிப் பட்டறைப் பக்கம் போனார். பாதியில் திரை கருத்துவிட்டது. ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன். பயத்தில் பேட்டரியை உருவிவிட்டேன். திரும்பி வந்தவர் என் கையிலிருந்த பேட்டரியைப் பார்த்தார். காது அடைக்கும்படி ஓர் அறை விழுந்தது.

"கருத்துப்போனாச் செத்துப்போச்சுன்னு உனக்கு எவன்டா சொன்னான்? பழசை அழிச்சுப்போட்டுப் புதுசை எழுதிக்கிட்டு இருந்துச்சு. இப்ப ரெண்டுமில்லாத பொணமாக்கிட்டியே!"

கேமராவை அங்கேயே போட்டுவிட்டு என் ஊரான குமாரபாளையம் வந்துவிட்டேன். இனி அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்று முடிவும் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் அவரே பேருந்து ஏறி வந்து, உயிர்பெற்ற கேமராவை என் வீட்டு மேசையில் வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. "பேட்டரி முழுசா இருக்கோணும். கார்டைக் கேமராவுலயே பார்மட் பண்ணிக்கோணும். கோப்பு உன்ற மாடலோடதுதானான்னு ரெண்டு வாட்டி பாக்கோணும். கல்யாணத்துக்கு மொத நாளு எந்த அப்டேட்டும் போடக்கூடாது" என்று எதையோ ஒப்பிப்பதுபோலச் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். போய்விட்டார்.

இன்னொரு முறை, சேலத்தில் பழுதுபார்க்கிற ஒருவன் எங்கிருந்தோ இறக்கிய திருட்டு ஃபர்ம்வேரை ஏற்றி ஒரு பெண்ணின் கேமராவைக் கெடுத்துவிட்டு, "கேமராவே பழசும்மா" என்று அனுப்பிவிட்டான். அவள் அதை ரத்தினவேல் அண்ணனிடம் கொண்டுவந்து அழுதாள். அவர் நேரே சேலம் போய் அவன் மடிக்கணினியைத் தூக்கிச் சாலையில் எறிந்தார். எதிரே வந்த லாரி அதன் மேல் ஏறிப் போனது. தடுக்க வந்தவனின் மூக்கில் ரத்தம். காவல் நிலையத்தில் அவரை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். இதை வீரம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான், பிறகு நடந்ததன் கனம் தெரியும்.

குமாரபாளையத்தில் என் தெருவிலேயே முத்து என்பவர் இருந்தார். தறி ஓட்டுபவர். அவர் மகன் வேறு சாதிப் பெண்ணை விரும்பினான். ராசிபுரத்துக்கு அருகே ஒரு சின்ன மண்டபத்தில், இருபது முப்பது பேரை வைத்துக் கல்யாணம். நான்தான் படமெடுத்தேன். தாலி கட்டி முடித்து மாலை மாற்றும்போது பெண்ணின் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். வாசலில் பந்தல் போட்டு மிஞ்சிய இரும்புக் குழாய்கள் அவர்கள் கையில் இருந்தன. மாப்பிள்ளையை நோக்கித்தான் வந்தார்கள். முத்து குறுக்கே விழுந்தார்.

"என்ற பையனை உட்டுருங்க சாமி! நாங்க ஊரை உட்டே போயிர்றோம்!"

முதல் அடியில் அவர் சரிந்தார். கீழே கிடந்தவரின் தலையில் சித்தப்பா மேலும் மூன்று முறை அடித்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் மற்றொருவன் என்னைக் கண்டு குழாயை வீசினான். கேமரா தரையில் விழுந்து, பேட்டரி மூடி உடைந்து, பேட்டரி தனியாகத் தெறித்தது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் யாரோ பின்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடினார்கள். முத்து மண்டபத்திலேயே இறந்துபோனார்.

அன்று மாலையே பேச்சு மாறிவிட்டது. தள்ளுமுள்ளில் படியில் தவறி விழுந்து செத்தார் என்றார்கள். மண்டபத்தில் இருந்தவர்களில் பலர் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். காவல் நிலையத்தில், "வீடியோ இருந்தாக் கொண்டாங்க" என்றார்கள். என் கார்டைக் கணினியில் போட்டேன். கோப்பு இருந்தது, திறக்கவில்லை. கேமராவில் போட்டால் கேமராவே உறைந்து நின்றது. மறுநாள் காலை இரண்டையும் ரத்தினவேல் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

முழுவதையும் கேட்டார். வழக்கமாக இடையில் திட்டுகிறவர், அன்று திட்டவில்லை.

"படம் உள்ளதான் இருக்குது சாமி. எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனதால கோப்பை மூடி முடிக்கலை. எந்தக் கேமரா எழுதுச்சோ அதுதான் மூடோணும். ஆனா உன்ற கேமராவுல இருக்கற ஃபர்ம்வேருக்கு மூடத் தெரியாது, அந்த மாதிரிக் கோப்பைக் கண்டா நின்னுபோயிரும். புதுசுல அதைச் சரி பண்ணியிருக்கறாங்க. ஏத்தித்தான் பாக்கோணும்."

"பாதியில நின்னுட்டா?"

"அன்னிக்கு மாதிரி உயிர் குடுக்க முடியாது, உள்ளயும் அடி வாங்கியிருக்குது. கேமராவும் போச்சு, படமும் போச்சு."

உடைந்த மூடியை டேப்பால் இறுக்கி ஒட்டினார். என் கார்டைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேறொரு கார்டில் ஃபர்ம்வேர் கோப்பை ஏற்றி, அப்டேட்டைத் தொடங்கினார். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டும் பட்டை பாதிக்கு வந்திருக்கும். வாசலில் ஒரு கார் நின்றது. அதே மூன்று பேர். நாங்கள் அங்கே இருப்பதை யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"கேமராவை எடு" என்றார் சித்தப்பா.

"வேலை ஓடிக்கிட்டு இருக்குதுங்க. பொறகு வாங்க" என்றார் அண்ணன்.

குழாய் மேசையின் மேல் இறங்கியது. கண்ணாடி சிதறியது. கேமரா துள்ளி, டேப் பிய்ந்து, மூடி திறக்கப் பார்த்தது. அவர் பாய்ந்து இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, கட்டைவிரலால் மூடியை அழுத்திக்கொண்டு, வயிற்றோடு அணைத்துச் சுவர் மூலையில் குந்திவிட்டார். விரல் நழுவினால் மின்சாரம் நிற்கும், எல்லாம் முடிந்துபோகும்.

அடுத்தது அவர் முதுகில் விழுந்தது. அடுத்தது தோளில். நான் கத்தினேன். "குடுத்துருங்கண்ணா! குடுத்துத் தொலைங்க!" என்றுதான் கத்தினேன். ஒருவன் என் பக்கம் திரும்பினான். நான் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

ஆமாம், ஓடினேன். சந்து தாண்டி ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. அங்கிருந்தே அடி விழும் சத்தம் கேட்டது. பிறகு தெரிந்துகொண்டது இது: தலையில் இரண்டு அடி. வலது கையை விடுவிக்க விரல்களின் மேல் அடித்திருக்கிறார்கள். மூன்று விரல்கள் முறிந்தன. யாரையும் எதற்கும் முதல் ஆளாய்க் கைநீட்டி அடிக்கிறவர், அன்று ஒரு கையைக்கூட ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் மூடி திறந்திருக்கும்.

சத்தம் கேட்டு வந்தவர்கள் பட்டறை ஆட்கள். சம்மட்டியும் கடப்பாறையுமாக ஏழெட்டுப் பேர். மூவரும் காரில் ஏறித் தப்பினார்கள். கார் போன சத்தம் கேட்ட பிறகுதான் நான் எழுந்தேன்.

உள்ளே போனபோது அவர் அதே மூலையில் இருந்தார். முகம் முழுக்க ரத்தம். கண்ணைத் திறக்க முடியவில்லை. பட்டறைக்காரர் ஒருவர் கேமராவை வாங்கப் பார்த்தார், விரல் நகரவில்லை.

"குமரேசா, வந்துட்டியா?" என்றார். "எனக்குக் கண்ணு தெரியலை. முடிஞ்சுதா பாரு."

என் சட்டையால் திரையைத் துடைத்தேன். அப்டேட் நிறைவடைந்தது என்று இருந்தது. "ஆச்சுங்கண்ணா" என்றேன். அதன் பிறகுதான் விரலைத் தளர்த்தினார். "ஆஃப் பண்ணிட்டுக் கார்டை மாத்து. பையில இருக்குது, எடு. நீயே பண்ணு" என்று கேமராவை என் கையில் கொடுத்தார். அவர் பையிலிருந்து கார்டை எடுத்தபோது அதன் உறை ரத்தத்தில் நனைந்திருந்தது. போட்டேன். மூடியை இப்போது நான் அழுத்திப் பிடித்திருந்தேன். கோப்பைச் சரிசெய்யவா என்று கேமரா கேட்டது. அழுத்தினேன். சிறிது நேரத்தில் அந்தச் சின்னத் திரையில் முத்து மறுபடியும் குறுக்கே விழுந்தார். மறுபடியும் அந்தக் குரல். பட்டறை ஆட்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அடியின் சத்தத்தை எண்ணியவர் கண் தெரியாத அண்ணன் ஒருவர்தான். "ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு" என்றார். "படியில உளுந்தவனுக்கு நாலு சத்தம் வராது. கொண்டு போயிக் குடு." அதோடு மயங்கிவிட்டார்.

மூவரும் கைதானார்கள். வழக்கு இழுத்தடித்து நடந்தது. விசாரணைக்கு முந்தின வாரம் அவர்களுடைய ஆட்கள் என் வீட்டுக் கதவில் அரிவாளால் கொத்திவிட்டுப் போனார்கள். இருந்தும் போய்ச் சாட்சி சொன்னேன். அண்ணன் வளைந்து ஒட்டிய விரல்களோடு கூண்டில் நின்று, ஃபர்ம்வேர் என்றால் என்ன, அது படத்தை ஏன் மாற்றாது என்று வக்கீலுக்கு அரை நாள் விளக்கினார். மூவருக்கும் தண்டனை கிடைத்தது. அந்தக் கேமரா இன்னும் நீதிமன்றத்தின் காவலில்தான் இருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் எல்லோரும் கூடி எங்கள் இருவருக்கும் மாலை போட்டீர்கள். அன்று மேடையில் அவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "நான் சும்மா உக்காந்திருந்தேனுங்க. போலீசுக்குப் போன் போட்டு, பட்டறைக்காரங்களைக் கூட்டிக்கிட்டு வந்தது குமரேசந்தான்." நீங்கள் கைதட்டினீர்கள். நான் தலைகுனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்தீர்கள்.

கீழே இறங்கியதும், ஏனண்ணா பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் வண்டிச் சாவியைத் தேடினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது சரோஜாவிடம் இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றேன். நான் ஓடிப்போனதையும் சொன்னேன். அவர் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"தெரியுமுங்க. ஆசுபத்திரியில கண்ணு முழிச்சதும் சொல்லிட்டாரு. 'ஓடினவன் ஓடியே போயிருக்கலாம், திரும்பி வந்தான். ஊட்டுக்கு வந்தா சோறு போடு, ஒன்னும் கேக்காத'ன்னாரு. எழுதுங்க. ஆனா அதையும் சேத்து எழுதுங்க."

எழுதிவிட்டேன். நீங்கள் போட்ட மாலைக்கு நான் உரியவன் அல்ல. இதை எழுதி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஓடிப்போய்த் திரும்பி வந்தவனின் கையில், ஒரு கேள்வியும் கேட்காமல், அந்தக் கேமராவைக் கொடுத்தாரே, அந்த நம்பிக்கையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.