தகரக் கூரையின் மேல் நாற்பது கட்டுப் புல்

போளூரில் அப்பா கட்டிய வீட்டின் கூடத்துக் கூரையில் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. மின்விசிறி மாட்டுவதற்காகக் கொத்தனார் அவராகவே வைத்துவிட்டுப் போனது. வீட்டுக்கு மின்சாரம் வந்த நாளிலிருந்து அப்பா காலமான நாள் வரை அதில் விசிறி ஏறவே இல்லை. சித்திரை மாதத்தில் போளூர் வெயில் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்கள் துண்டால் விசிறிக்கொண்டே கொக்கியைப் பார்ப்பார்கள், பிறகு அப்பாவைப் பார்ப்பார்கள். “இன்னா கார்டய்யா, கொக்கிய அழகுக்கு வெச்சிகிறீங்களா?” என்று ஒருவர் கேட்டே விட்டார். “கரண்டு எதுக்கு வீணா?” என்றார் அப்பா. அவ்வளவுதான், தெருவில் அவருக்குக் கஞ்சன் என்று பெயர் நிலைத்துவிட்டது. நான் அதைத் திருத்தப் போகவில்லை. காரணம் எனக்கும் அம்மாவுக்கும் தெரியும், அது எங்களுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று அம்மாவும் இல்லை. நான் வேலூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். கோடையில் மதியம் ஏசியைப் போட்டு, கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு, “இருபத்து நாலுல வெச்சா கரண்டு மிச்சம் அத்தை” என்று மருமகள் சொல்வாள். நல்ல பெண், கணக்கோடு குடும்பம் நடத்துகிறவள். அறை குளிர ஆரம்பித்ததும் நான் நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விடுவேன். கிழவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாதது குளிர் இல்லை. எழுபத்தெட்டு வயதாகிறது, இனியாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் பிறகு ஐந்து வருஷம் கழித்து ஒரு தம்பி பிறந்தான். அவனுக்கு வேர்க்காது. எவ்வளவு ஓடினாலும், எவ்வளவு அழுதாலும், நெற்றியில் ஒரு சொட்டு வராது. தலைமுடி பூனை முடி, வாயில் நாலே நாலு பல், அவையும் கூர்கூராக. வெயில் ஏறினால் அவன் உடம்பும் கூடவே ஏறும், கண் செருகும், வலிப்பு வரும். வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவன் வேர்வைச் சுரப்பியே இல்லாமல் பிறந்தவன், மருந்து கிடையாது, குளுமையான இடத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள், வளர்ந்துவிட்டால் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்றார். அப்பா அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். வளரும் வரை குளுமை, அது போதும்.

அப்பா வனக்காவலர். கார்டு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அடிவாரத்தில் இருந்த அவர், ஜவ்வாது மலைக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டார். அந்தக் காலத்தில், ஐம்பதுகளின் நடுவில், மலைக்கு ஒருவரை அனுப்பினால் அது தண்டனை. பஸ் கிடையாது, ரோடு கிடையாது, குளிர் காய்ச்சல் உண்டு. தண்டனையை மனுப் போட்டு வாங்குகிறானே என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். பொதிமாட்டின் மேல் பாத்திர பண்டங்களை ஏற்றிக்கொண்டு, தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு, அப்பா மலையேறினார். மேலே போய்ப் பார்த்தால் சர்க்கார் கொடுத்த குடியிருப்புக்குத் தகரக் கூரை. புல் கூரை காட்டுத்தீயில் பற்றிக்கொள்ளும் என்று எங்கேயோ மேஜை முன்னால் உட்கார்ந்து யாரோ யோசித்திருக்கிறார்கள். சுற்றியிருந்த மலைக்குடிகளின் வீடுகளெல்லாம் மண்சுவரும் புல் கூரையுமாகக் குளுகுளுவென்று இருக்க, குளிர்ச்சியைத் தேடிப் போன எங்களுக்கு மட்டும் அடுப்பு மேல் வைத்த சட்டி.

அம்மா அந்தத் தகரத்தோடு தினமும் சண்டை போட்டாள். பொழுது விடியுமுன் ஒரே தடவை வெளியே புங்க மரத்தடியில் அடுப்பு மூட்டி, மூன்று வேளைக்கும் ஆக்கிவிடுவாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நெருப்பு என்ற பேச்சே கிடையாது. காற்று சூடாகுமுன் ஜன்னல்களைச் சாத்தி, நனைத்த கோணியைத் தொங்கவிடுவாள். தரையைச் சாணமிட்டு ஈரமாகவே வைத்திருப்பாள். தம்பிக்கு ஈரத்துண்டுதான் சட்டை. இத்தனை செய்தும், காலை ஒன்பது மணிக்குத் தகரம் டிக் டிக்கென்று விரிய ஆரம்பித்ததும் அம்மாவின் முகம் மாறிவிடும். பன்னிரண்டு மணிக்குமேல் உள்ளே இருக்க முடியாது.

எங்களைக் காப்பாற்றியது எதிர் வீட்டு அத்தைதான். உறவு ஒன்றும் இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். மலைக்காரப் பெண், பிள்ளை இல்லாதவள், சாமை விதைக்கிற குடும்பம். வந்த முதல் கோடையிலேயே தம்பியின் உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இந்தத் தகரத்துல புள்ளய வேவ வெப்பியா? எங்கூட்டுக்குக் கொண்டாந்து போடு” என்று அம்மாவை அதட்டினாள். அந்த வீட்டுக்குள் குனிந்துதான் போக வேண்டும், கூரை அவ்வளவு தாழ்வு. உள்ளே போனால் பானைக்குள் இறங்கினது போல இருக்கும். தம்பி அங்கே போட்ட இடத்தில் தூங்குவான். நாலு கோடை அவன் பகலெல்லாம் அந்தப் புல்லுக்கு அடியில்தான் உயிரோடு இருந்தான். சாயந்திரம் அத்தை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, “இந்தா, ஒன் புள்ள, ஆறிப்போச்சி” என்று கஞ்சிக் கலயத்தைக் கொடுப்பது போலக் கொடுப்பாள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மற்ற கார்டுகள் மலைக்காரர்களிடம் தேனும் கோழியும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்பா ஒரு பலாச்சுளை வாங்க மாட்டார். காட்டில் ஒரு கைப்பிடிப் புல் அறுப்பதானாலும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது சட்டம், அவரும் அதையே சொல்வார். அந்த நேர்மையைப் பார்த்து எனக்கே அப்போது பெருமை தாங்காது.

நாங்கள் போன ஐந்தாவது வருஷம், மாசி மாதம். அத்தை வீட்டுக் கூரை இற்றுப்போயிருந்தது. மலையில் கூரை மாற்றுவது ஒரு நாள் வேலை. ஊரே கூடி, விடிந்ததும் பழைய புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் புதுப்புல் போட்டு முடித்துவிடுவார்கள். அன்று காலையிலிருந்து நான் அங்கேதான் நின்றேன். புதுப்புல் கட்டுக் கட்டாக வந்து இறங்கிய வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. மதியம் அப்பா ரோந்து முடிந்து பின்பக்கக் காட்டுவழியாக வந்து, எதிர் வீட்டை இன்னும் பார்க்காமல் களி தின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன், “அப்பா, அத்த வூட்டுக்குப் புதுப்புல்லு வந்துகீது. நாப்பது கட்டு! தம்பிக்கு இனிமே இன்னும் குளுகுளுன்னு இருக்கும்.”

அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்து, காக்கிச் சட்டையை மாட்டினார்.

சீட்டு வந்திருக்கவில்லை. தை மாதமே மனுக் கொடுத்திருந்தார்கள், அப்பாதான் அதைக் கீழே ரேஞ்சு ஆபீசுக்கு அனுப்பியிருந்தார், அங்கே அது தூங்கிக்கொண்டிருந்தது. “மனு குடுத்து ரெண்டு மாசம் ஆவுதுங்க ஐயா. இன்னும் வுட்டா புல்லு நொறுங்கிப் போயிடுங்க” என்றார் அத்தையின் புருஷன். “எனக்குத் தெரியும். காயிதம் வரட்டும், அப்புறம் போட்டுக்கோ” என்றார் அப்பா. அத்தை முன்னால் வந்தாள். மொட்டையாக நின்ற மூங்கில் கட்டைகளைக் காட்டி, “ஐயா, ஒங்க புள்ளதானுங்க பகலெல்லாம் இதுக்கடியில தூங்குது” என்றாள். அப்பா சற்று நின்றார். பிறகு சொன்னார், “என் புள்ளக்காவ வுட்டா அது லஞ்சம்மா.”

நாற்பது கட்டையும் எங்கள் வீட்டுப் பக்கத்துக்குச் சுமந்துகொண்டு வந்து அடுக்கியவர்கள் அவர்களேதான். அத்தையின் புருஷன் கடைசிக் கட்டை இறக்கிவிட்டு, தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு போனார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் இரண்டு நாள் கூரை மேல் தழையைப் போட்டுப் பார்த்தார்கள், அப்புறம் வீட்டை அப்படியே விட்டுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் அத்தையின் தாய்வீட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது அத்தை தம்பியைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, இன்று வரை எனக்குத் தெரியாது.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வேறு வீடுகளின் வாசலில் போய் நின்றாள். “சாமிக்கு நேந்துனு கீறோமுங்க, வெளியாளு உள்ள வரக்கூடாதுங்க” என்றார்கள் ஒரு வீட்டில். இன்னொரு வீட்டில், உள்ளே விதைத் தானியம் பரப்பியிருக்கிறது, இடமில்லை என்றார்கள். எல்லாம் மரியாதையாகத்தான். மூன்றாவது வீட்டுக்கு அம்மா போகவில்லை. சர்க்கார் சொத்தாகிவிட்ட நாற்பது கட்டுப் புல் எங்கள் சுவர் ஓரத்தில் ரேஞ்சர் உத்தரவுக்காகக் காத்துக் கிடந்தது. அதைத் தூக்கி நம் தகரத்தின் மேல் போடுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். அழுதாள். ஒரு நாள் அப்பாவின் காலைப் பிடித்தாள். “அவன் வூட்டுப் புல்லப் புடுங்கி என் வூட்டு மேல போட்டுக்கினா நான் திருடன்டி” என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க இத்தனை வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. அதனால் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சித்திரையில் கத்திரி வெயில் தொடங்கிய வாரம் காட்டில் தீப்பிடித்தது. அப்பா நாலு நாள் வீட்டுக்கு வரவில்லை. காற்றே நெருப்பாக இருந்தது. ஊற்றில் தண்ணீர் இல்லை, கொட்டாங்கச்சியால் சுரண்டிச் சுரண்டி அரைக்குடம் சேர்க்க எனக்கு வெகுநேரம் ஆனது. நாலாம் நாள் நான் மூன்றாவது தடவை தண்ணீரோடு வந்தபோது தம்பி புங்க மரத்தடியில் அம்மா மடியில் கிடந்தான். காலையில் ஒரு தடவை வலிப்பு வந்திருந்தது. தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தான். அப்போதுதான் அப்பா வந்தார், புருவம் கருகி, சட்டையெல்லாம் சாம்பலாக. குனிந்து அவன் உடம்பைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “அந்தக் காயிதம் இன்னும் வர்லியா?” என்று கேட்டாள்.

அப்பா ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டத்தை மீறினார் அப்பா. தகரம் காலைச் சுட்டது, கோணியை நனைத்துப் போட்டு அதன் மேல் நின்றுகொண்டார். நான் கீழேயிருந்து கட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, பரப்பி, நாரால் கட்டி, கல் வைத்தார். அவருக்குக் கூரை வேயத் தெரியாது. புல் கையை அறுத்து ரத்தம் வந்தது, அவர் பார்க்கவே இல்லை. கட்டுகளில் பாதி ஏறியிருக்கும். நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மரத்தடிக்குப் போனேன். அம்மா தம்பிக்கு விசிறிக்கொண்டிருந்த சேலைத் தலைப்பு கீழே கிடந்தது. அவள் கை அவன் மார்பின் மேல் இருந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்து கத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

“சொல்லாத. போயி கட்டு எடுத்துக் குடு.”

அது அவர் மேல் வைத்த இரக்கமா, அவருக்குக் கொடுத்த தண்டனையா, அம்மா சாகும் வரை நான் கேட்கவில்லை. போனேன். மீதியிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தேன். அப்பா மேலேயிருந்து, “சீக்கிரம் குடும்மா, சீக்கிரம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை, “புள்ள தூங்குதா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

பொழுது இறங்கும் நேரத்தில் நாற்பதாவது கட்டும் ஏறியது. அப்பா இறங்கி வந்து வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. “உள்ள எடுத்துனு வா. அத்த வூடு மாதிரியே கீது” என்றார். அம்மா எழுந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாயில் படுக்கவைத்தாள். வீடு குளிர்ந்துதான் இருந்தது. அப்பா அறுபட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“சில்லுனு ஆயிட்டான் பாரு” என்றார் அம்மாவிடம். “சூடெல்லாம் எறங்கிடுச்சி.”