மூன்றாம் பாகத்தில் எழுந்து வந்தவன்

அரசு மருத்துவமனைப் பிணவறையில் உதவியாளராக இருந்தவரை எல்லோரும் பாகத்தார் என்றே அழைத்தார்கள். ஒரே பாகத்தில் முடிகிற கதையை அவர் புத்தகமாகவே மதிப்பதில்லை என்பதால் வந்த பெயர். மந்திரவாதிகள், டிராகன்கள், அரியணைச் சண்டைகள் என்று ஐந்து பாகம், ஏழு பாகம் நீளும் மாயாஜாலத் தொடர் நாவல்கள்தான் அவருக்கு உயிர்.

உயிர் என்கிறோமே தவிர, அந்த நாவல்களைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. குழம்பில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டே மறுசோறு கேட்கிற மாமனார்கள் உண்டல்லவா, அந்த ரகம். முதல் பக்கத்தில் வரைபடம் இருந்தால் எழுதியவனுக்கு மனிதர்களைத் தெரியாது என்பார். பிறகு அதே வரைபடத்தின் மேல் பூதக்கண்ணாடியோடு குனிந்து கிடப்பார். டிராகன் பேச ஆரம்பித்தால் எழுதியவனுக்கு அலுப்புத் தட்டிவிட்டது என்பார். போர்க்களம் வந்தாலோ கோபமே வந்துவிடும்.

"பத்தாயிரம் பேர் செத்தாங்கன்னு ஒரு வரி. அடுத்த வரியில விருந்துக்கு உக்காந்துடறாங்க. அள்ளிப் போட்டது யாரு? இங்க ஒரு வேன் கவிழ்ந்தாலே எனக்கு ஸ்ட்ரெச்சர் பத்தல."

பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்பார்: "அப்புறம் எதுக்குய்யா படிக்கிறீங்க?"

"ஒருத்தனாவது ஒழுங்கா எழுதிட மாட்டானான்னுதான் சார்."

அவர் மன்னிக்காத குற்றம் ஒன்று இருந்தது: செத்த பாத்திரம் அடுத்த பாகத்தில் திரும்பி வருவது. "என் மேஜையில இருந்து இதுவரைக்கும் ஒருத்தனும் எழுந்து உக்காந்ததில்ல" என்பார். சொல்லும்போது அந்தக் குரலில் இருப்பது பெருமையா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாது.

வேலையிலும் அதுவே கொள்கை. காணாமல் போனவர்களைத் தேடி ஜன்னலுக்கு வருகிறவர்களுக்கு அவர் நம்பிக்கை கொடுக்கமாட்டார். அதிகம் பேச விடவும் மாட்டார். உள்ளே அடையாளம் தெரியாத உடல் இருந்தால் கூட்டிப்போய்க் காட்டுவார். இல்லாவிட்டால், "இல்ல. வீட்டுக்குப் போங்க" என்று ஜன்னலைச் சாத்திவிடுவார். காட்டும்போது மட்டும் ஒரு விதி சொல்வார்: "முகத்தைப் பாக்காதீங்க, அது ஏமாத்தும். சட்டையை நம்பாதீங்க, யாரு வேணா மாட்டிக்கலாம். காலைப் பாருங்க. கால் பொய் சொல்லாது."

அந்த விதியை அவர் மீறியது ஒரே தடவைதான்.

பெற்றோர் போன பிறகு அவர் வளர்த்து ஆளாக்கிய தம்பி ஒருவன் இருந்தான். கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறவன். அண்ணன் படித்து முடித்த பாகங்களைத்தான் படிப்பான், அண்ணனுக்குப் பிடிக்காத இடங்கள்தான் அவனுக்குப் பிடிக்கும். குருட்டு அரசி ஒருத்தியைப் பற்றிய தொடரில் சண்டை வந்தது. இரண்டாம் பாகத்தின் கடைசியில் கோட்டை மதிலிலிருந்து விழுந்து செத்த மெய்க்காவலன், மூன்றாம் பாகத்தில் சாவகாசமாக வாசல் வழியே நடந்து வருகிறான். பாகத்தார் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'பொய். விழுந்தவன் விழுந்தவன்தான்.' தன் தீர்ப்புகளை ஓரங்களில் எழுதுவது அவர் வழக்கம்.

"ஏண்ணே, அவன் வந்தா உனக்கென்ன நஷ்டம்? அரசியும் சந்தோஷமா இருக்கா, நானும் சந்தோஷமா இருக்கேன்."

"உன்னை மாதிரி முட்டாப்பயலுங்களுக்குத்தான்டா இவனுங்க எழுதறானுங்க."

"ஆமா, நீ பெரிய அறிவாளி. பொணத்தோடயே இருந்து உனக்கும் மனசு விறைச்சுப் போச்சு."

பாகத்தார் கையை ஓங்கிவிட்டார். மறுநாள் வெளியூர் வேலைக்குக் கிளம்ப வேண்டிய தம்பி அப்போதே பையைத் தூக்கினான். முடிக்காத மூன்றாம் பாகத்தையும் அதற்குள் போட்டுக்கொண்டான்.

"போ. போனவன் திரும்பி வராத" என்றார் அண்ணன். கொள்கையில் உறுதியானவர்.

அதன் பிறகு தம்பி போன் செய்யவில்லை. அவன் நம்பரும் உயிரோடில்லை. அண்ணனும் ஆள் விட்டு விசாரிக்கவில்லை. வீம்பில் இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

மழைக்காலத்தின் முடிவில், கால்வாயில் மிதந்த ஓர் உடல் பிணவறைக்கு வந்தது. முகம் இல்லை என்றே சொல்லலாம். இளைஞன், தம்பியின் உயரம், நகக்கண்களில் பெயிண்ட். தோளில் மாட்டியிருந்த பையைப் போலீஸ்காரர் திறந்தபோது உள்ளே, கனத்த பிளாஸ்டிக்கில் ஓரம் ஒட்டி மூடிய ஒரு புத்தகம். பிணவறையில் உடல்களைச் சுற்றும் பிளாஸ்டிக் அது. மிச்சம் மீதியை வெட்டித் தன் புத்தகங்களுக்கு உறை செய்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். பாகத்தார் அதைப் பிரித்தார். ஒரு சொட்டு நீர் இறங்கவில்லை. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது.

"என் தம்பி" என்றார்.

"நிச்சயமா தெரியுமா?" என்றார் போலீஸ்காரர்.

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

கேள்வி உடலைப் பற்றியது, பதில் புத்தகத்தைப் பற்றியது என்பதை அந்த அறையில் யாரும் கவனிக்கவில்லை. பாகத்தார் தானே உடலைக் கழுவினார். வலது காலில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பார்த்தார். எந்த அண்ணன் தம்பியின் கால் விரலை எண்ணிப் பார்த்திருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கழுவிக்கொண்டே போனார். ஊரார் கால்களையெல்லாம் பார்க்கச் சொன்னவர்.

அடக்கம் முடிந்தது. குழிமேட்டில் உட்கார்ந்து அவர் அழுத அழுகையைப் பார்த்து, இந்த மனிதருக்குக் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறதா என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார். பிறகு ஒருநாள் ரப்பரை எடுத்து, ஓரத்தில் எழுதியிருந்த 'பொய்' என்ற சொல்லை மட்டும் அழித்தார்.

அதற்கப்புறம்தான் ஓர் அம்மா வர ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் பெருக்கும் வேலை; லீவு நாளான சனிக்கிழமையில் ஜன்னலுக்கு வருவாள்.

"தம்பி, எம்பையன் வெளியூர்ல வேலையா இருந்தான். கெளம்பி வரேன்னு சொன்னான், வந்து சேரலை. அவனுக்கு..."

"அடையாளம் தெரியாத பாடி எதுவும் இல்லம்மா. வீட்டுக்குப் போங்க."

அது உண்மையும்கூட. அடையாளம் தெரியாத உடல் எதுவும் அங்கே இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அடுத்த வாரம் வந்து அதே வாக்கியத்தை ஆரம்பிப்பாள். 'அவனுக்கு' என்பதைத் தாண்ட அவர் ஒருமுறையும் விடவில்லை.

வெயில் காலத்தில் ஒரு சாயங்காலம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தது அவர் மனைவி. பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் தம்பி நின்றான், கொஞ்சம் கறுத்து, நன்றாகச் சதை போட்டு.

"என்ன அண்ணி, கடன்காரனைப் பாத்த மாதிரி உக்காந்துட்டீங்க? அண்ணே, இன்னும் கோவமா? புக்கு வந்து சேந்துச்சா?"

பாகத்தார் அவனைக் கட்டிப்பிடித்தார். எலும்பு நொறுங்குகிற மாதிரிப் பிடித்தார். பிடி விட்டதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "செருப்பைக் கழட்டு. காலைக் காட்டு."

விரல்கள் தனித்தனியாக இருந்தன.

"புக்கை யாருகிட்ட குடுத்த?"

"கூடத் தங்கி பெயிண்ட் அடிச்ச பையன்கிட்ட. அவனுக்கும் நம்ம ஊருதான். அம்மாவைப் பாக்கப் போறேன்னான். உன் வேலை இடம் சொல்லி, நேரா போயி அண்ணன் கையில குடுத்துருன்னேன். குடுத்தானா?"

"குடுத்தான்" என்றார் பாகத்தார்.

தன்னைச் செத்தவனாக அடக்கம் செய்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் தம்பி விளையாட்டை விடவில்லை. "பாத்தியா, செத்தவன் வருவான்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று சிரித்தான். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"வரட்டும்டா. வேண்டாம்னு சொல்லல. ஆனா அன்னிக்கு மதிலுக்குக் கீழ கெடந்தது யாருன்னு அந்த எழுத்தாளன் ஒரு வரி சொல்லலையே. நீயும் கேக்கல, நானும் கேக்கல."

சனிக்கிழமை அவர் ஜன்னலில் நிற்கவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தம்மா வந்தாள். வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்து, வழக்கமான இடத்தில், அவர் குறுக்கிடுவார் என்று தானே நிறுத்தினாள்.

"சொல்லுங்கம்மா. அவனுக்கு?"

இத்தனை நாள் கழித்துக் கேட்டதில் அவள் தடுமாறினாள். "அவனுக்கு... வலது கால்ல ரெண்டு வெரலு ஒட்டியிருக்கும் தம்பி. பொறந்ததுல இருந்தே."

பாகத்தார் சொன்னார். கால்வாய், பை, புத்தகம், தன் வாயால் சொன்ன 'என் தம்பி', மண்ணுக்குள் வைத்த இடம், எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொரு வாரமும் ஜன்னலைச் சாத்தியதையும் சேர்த்தே சொன்னார். அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"யாரு குளிப்பாட்டினா?"

"நான்தான்மா."

"மண்ணு போடும்போது யாராச்சும் அழுதாங்களா?"

"நான் அழுதேன்."

"நல்லா அழுதியா?"

"நல்லா அழுதேம்மா. என் தம்பின்னு நெனச்சு அழுதேன்."

அந்தம்மா மூடிய ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்ப அவனுக்காக இன்னும் யாரும் அழலை" என்றாள். எழுந்து சேலையை உதறினாள். "எந்த எடம்னு காட்டு, வா."