சுற்றிக்கொள்ளாத கொடி

கோட்டைப்பட்டினத்தில் எங்கள் கரையில் படகுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம். தூரத்தில் வரும்போது யாருடையது என்று கொடியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கள் நாட்டுப்படகின் கொடியை நான்தான் தைப்பேன். பாதி கிளிப்பச்சை, பாதி மஞ்சள். இரண்டும் என் பழைய சேலைகள். என் தையலை யாரும் குறை சொல்ல முடியாது. சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அப்படித் தைத்த கொடி பறக்காமல் கழியைச் சுற்றிக்கொண்டு வந்தால் எரிச்சல் வராதா? வாடைக்காற்றுக் காலத்தில் படகு கரைப்பக்கம் திரும்பும்போது காற்று மறுபக்கமிருந்து அடிக்கும். கொடி கழியை ஒரு சுற்று சுற்றும், ஈரத்துணி அப்படியே ஒட்டிக்கொள்ளும். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், மீன் என்ன கொடியைப் பார்த்தா வலையில் விழுகிறது என்று கேட்பார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

என் எரிச்சலோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்களோடு மதினி இருக்கிறார், வீட்டுக்காரரின் அக்கா. அவர் கணவர் இன்னொரு படகில் தொழிலுக்குப் போய், நடுக்கடலில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். உடலோடு திரும்பியவர்கள், படகில் சாவு என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று கொடியைக் கழியோடு சுருட்டிக் கட்டியிருந்தார்கள். மதினி அதைப் பார்த்தார். காற்றுதான் சுற்றிவிட்டது என்று நினைத்தார். கொடியைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாத மனுசன் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிச் சிரித்தாராம். படகு தரை தட்டும்வரை சிரித்த முகமாகத்தான் நின்றிருக்கிறார்.

அதன் பிறகு எங்கள் படகு கொடி சுற்றிக்கொண்டு வந்தால் மதினி மணலில் உட்கார்ந்துவிடுவார். அவர் தம்பி படகிலிருந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, "அக்கா, நாந்தான். எந்திரிங்க" என்று கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். வீட்டிலேயே இருங்கள் என்றாலும் கேட்பதில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாப் படகிலும்தானே சுற்றுகிறது, இவருக்கு மட்டும் என்ன வந்தது என்று. ஒருநாள் அவரைத் தூக்கிவிட நானும் கை கொடுத்தேன். ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுத்ததுபோல இருந்தது அவர் கை. அன்றோடு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

கோபத்தைக் கொடியின் பக்கம் திருப்பினேன். கனமான துணியில் தைத்தேன். அது பறக்கவே இல்லை, துவைத்துப்போட்ட பாவாடை மாதிரி தொங்கியது. கீழ்மூலையில், வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றைக் கோத்தேன். முன்னைவிட இறுக்கமாகச் சுற்றிக்கொண்டது. ஓரத்தில் கம்பி நுழைத்தேன். துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. படகில் போகிறவர்கள், இந்த வாரம் என்ன ஃபேஷன் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானும் அவர்களை நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

குளியலறைக்குக் குழாய் போட வந்தவர் பிளாஸ்டிக் பைப் துண்டு ஒன்றை விட்டுப்போயிருந்தார். ஒட்டடைக்கம்பில் அதை யாரோ மாட்டி வைத்திருக்க, கைபட்டதும் கிறுகிறுவென்று சுற்றியது. கொடியை ஏன் கழியில் கட்டுகிறோம் என்று அப்போதுதான் தோன்றியது. கழியில் சுழலும் பைப்பில் கட்டினால் காற்று திரும்பும்போது கொடியும் பைப்போடு திரும்பிக்கொள்ளுமே. கழியின் உச்சியில், இரு முனையிலும் மரை போட்ட வழவழப்பான இரும்புக் கம்பி ஒன்றைப் பொருத்தச் சொன்னேன். பைப்பை அதில் தளர்வாக மாட்டி, நழுவாமலிருக்க மேலும் கீழும் நட்டு முடுக்கி, கொடியின் ஓரத்தைப் பைப்பைச் சுற்றித் தைத்தேன். வீட்டுக்காரர் விரலால் தட்டிப் பார்த்தார். சுழன்றது. அவர் கேலி எதுவும் பேசவில்லை. அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மறுநாள் காலையில் நல்ல வாடை. படகு கரைப்பக்கம் திரும்பியது. கொடி கொஞ்சம் தயங்கி, மறுபக்கம் புரண்டு, விரிந்து பறந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. இனிமேல் பயமில்லை மதினி என்றேன்.

அவர் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாத்தா. இனிமே இது சுத்தியிருந்தா, காத்துன்னு நெனைக்க வேணாம்" என்றார்.

நான் அதை அப்படி யோசிக்கவே இல்லை. காற்றாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ள இத்தனை நாள் ஒரு வழி இருந்தது. அதை நானே அடைத்துவிட்டிருந்தேன். வேண்டாமென்றால் பைப்பைக் கழற்றிவிடுகிறேன் என்றேன்.

"கழட்டாத. அவுக அங்கிட்டு அப்புடிக் கெடக்க, நான் இங்கிட்டு சிரிச்சுக்கிட்டு நின்னேன்ல. மத்ததெல்லாம் ஆறிப்போச்சு, அது மட்டுந்தான் ஆறல. இனிமே ஒருநாளும் அப்புடி நிக்க மாட்டேன். அது போதும்."

சொல்லிவிட்டு, உலை வைக்க நேரமாகிவிட்டது என்று வீட்டுப்பக்கம் நடந்தார். படகு தரை தட்டுவதற்கு முன்னால் அவர் கரையை விட்டுப் போய் அன்றுதான் பார்த்தேன். நான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தண்ணீரில் குதிக்கும்வரை கொடியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இப்போதெல்லாம் காலையில் கரைக்கு முதலில் போய் நிற்பது நான்தான்.