வீஃப் என்றொரு சொல்

ஓக்கோ வுபெனா எங்கள் குரோனிங்கன் பக்கத்தில் சர்க்கரைக் கிழங்கு லாரி ஓட்டியவர். கல்யாணமான நாளிலிருந்து மனைவி ஹில்யேவை ‘வீஃப்’ என்றுதான் கூப்பிட்டார். சாவு வீட்டில், பாதிரியார் எதிரில் மட்டும் ‘ஃப்ரௌ’ என்பார்.

ஆதியில் பெண் என்றாலே வீஃப்தான். ஃப்ரௌ என்றால் பிரபு வீட்டு எசமானி. பிறகு மரியாதை பெருகிப்போய் நாட்டிலுள்ள எல்லாப் பெண்களும் எசமானிகளானார்கள். வீஃப் மீன் சந்தையில் வசவாக ஒதுங்கியது. இந்தச் சேதி வடக்கே எங்களுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை.

மகள் ஃபென்னாவைப் பார்க்கத் தெற்கே உட்ரெக்ட் நகரத்துக்குப் போன இடத்தில் ஹில்யேவுக்குப் பக்கவாதம். மூடிய கண் திறக்கவில்லை.

“கூப்பிட்டா ஏதாவது பதில் வரணும். அப்பத்தான் பேச, நடக்கப் பழக்குற பயிற்சி மையம். இல்லேன்னா பராமரிப்பு இல்லம்தான். சாயங்காலம் முடிவு பண்ணிடுவோம்” என்றார் டாக்டர்.

இல்லத்துக்குப் போனவர்கள் வீடு திரும்பியதை ஓக்கோ பார்த்ததில்லை. கட்டிலருகே போய், லாரிக்காரக் குரலில், “வீஃப்! எந்திரி, வீட்டுக்குப் போகணும்” என்றார்.

அடுத்த கட்டில்காரி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். நர்ஸ் லிசெட் பாய்ந்து வந்தாள்.

“சார், வெளிய போங்க. பேச்சு மூச்சில்லாம கெடக்கிறவங்களையா திட்டுவீங்க?”

“யாரு திட்டினா? எம்பொண்டாட்டியக் கூப்பிட்டேன்.”

“வீட்லயும் இப்படித்தானா? பாவம் அவங்க. இன்னொரு தடவை அந்த வார்த்தை வந்துச்சு, செக்யூரிட்டியக் கூப்பிடுவேன்.”

நடைவழியில் ஃபென்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, இது நம்ம ஊரில்ல. உங்கள உள்ள விடலேன்னா அம்மாவ யாரு கூப்பிடுறது? மரியாதையாப் பேசுங்க, ஒரு தடவைதானே.”

“எனக்கே கூச்சமா இருக்குடி.”

“கூச்சப்படுங்க. ஆனா சொல்லுங்க.”

ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் கையில் பேனாவுடன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். லிசெட் குனிந்து, “மெஃப்ரௌ வுபெனா?” என்று நகரத்து மரியாதையோடு இரண்டு முறை அழைத்தாள். ஒன்றுமில்லை. டாக்டர் பேனா மூடியைத் திறந்தார்.

ஓக்கோ தொப்பியைக் கழற்றினார். சர்ச்சில் பேசும் குரல் தானாக வந்தது.

“ஃப்ரௌ,” என்றார். “அன்பான ஃப்ரௌ.”

ஹில்யேவின் ஒரு கண் மட்டும் திறந்தது. அவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தது. கோணிய வாயிலிருந்து குழறலாக வந்தாலும் எல்லோருக்கும் புரிந்தது.

“யாரு... செத்தது?”

டாக்டர் பேனாவை மூடினார்.

“யாரும் சாகல, வீஃப்,” என்றார் ஓக்கோ. சொன்ன பிறகுதான் லிசெட்டை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையணையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தாள்.