புளி உலுக்கியது யார்?

குடலிறக்கம் இறுகிப்போய், தொட்டாலே அலறினார் மனிதர். அன்றைக்கே அறுத்துச் சரிசெய்யாவிட்டால் குடல் அழுகிவிடும். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமென்றால், மழையில் மண் சரிந்து ஆலங்காயம் சாலை அடைபட்டுக் கிடந்தது. எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு டாக்டர் என்று இருந்தது நான் ஒருத்திதான்.

அறுக்கத் தெரியும். இதயம் தாங்குமா என்பதுதான் பயம். நாடி இடையிடையே தடுக்கியது. ஈசிஜி மெஷினெல்லாம் அங்கே ஏது? ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, வாயாலும் கேட்டேன்.

“மலை ஏறினா மூச்சு வாங்குதா?”

“அதெல்லாம் இன்னாங்க, ஓடியே ஏறுவேன்.”

இந்தப் பதிலை நம்ப நான் அங்கே புதுசு இல்லை. மூச்சு வாங்குகிறது என்று ஒப்புக்கொண்ட ஆண்பிள்ளையை அந்த மலையில் நான் பார்த்ததே கிடையாது. அதனால் வேறொரு கேள்வி வைத்திருந்தேன். புளியமரம் ஏறிக் கிளையை உலுக்குவது ஆண்கள் வேலை, கீழே பொறுக்குவது பெண்கள் வேலை. பெண் மரமேறினால் புருஷனுக்குத் தலைகுனிவு.

“போன மாசியில உங்க மரத்துல புளி உலுக்கினது யாரு?”

அவர் சுவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவிக்கு அழுகை வந்துவிட்டது.

“நான்தாங்க ஏறனேன். ஊர் எழுந்திருக்கறதுக்கு முன்ன. ரெண்டு கிளை ஏறனாலே இவருக்கு நெஞ்சு அடைக்குதுங்க.”

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதாக இருந்தேன். அதில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் இந்த இதயம் எழுந்திருக்காது. அறுக்கும் இடத்தை மட்டும் மரக்கவைக்க முடிவுசெய்தேன். நர்ஸம்மா நாடியைப் பிடித்துக்கொண்டார். நோயாளியிடம், “நிறுத்தாம எதையாவது பேசிக்கிட்டே இருங்க” என்றேன். அந்தக் குரல்தான் எனக்கு மெஷின்.

சாமை விதைத்தது, கரடி துரத்தியது என்று மனிதர் பேசிக்கொண்டே வந்தார். குடலை உள்ளே தள்ளும்போது பேச்சு நின்றது. என் கையும் நின்றது. நர்ஸம்மா விரலை நகர்த்தி நகர்த்தி நாடியைத் தேடினார். அவ்வளவுதான், கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

“டாக்டரம்மா...”

“சொல்லுங்க!” கத்தியேவிட்டேன்.

“அவ மரமேறினத ஊர்ல சொல்லிடாதீங்க.”