ஸ்டுட்கார்ட்டில் ஒரு சீனித்தண்ணிப் போத்தல்

1996 மே மாதக் கடைசியில், றொரன்ரோவிலிருந்து ஒரு கலியாணத்துக்காக ஸ்டுட்கார்ட் வந்த உறவினர் ஒருவர், என் தங்கை கொடுத்தனுப்பிய பொதியைத் தந்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு கண்ணாடிப் போத்தல். சிவப்பு மூடி, மூடியைச் சுற்றி மஞ்சள் பிளாஸ்டிக் பூக்கள். சீனித்தண்ணீர் நிரப்பித் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஹம்மிங்பேர்ட் என்ற சிறு குருவி வந்து குடிக்கும் என்பது ஏற்பாடு. அவளுடைய சமையலறை யன்னலுக்கு வெளியே அப்படி ஒன்று வந்துகொண்டிருந்தது.

“எங்கட தேன்சிட்டு மாதிரித்தான் அண்ணை. ஆனா இது அந்தரத்தில நிண்டு குடிக்கும். உங்களுக்கும் வரும், பாருங்கோ” என்று தொலைபேசியில் சொன்னாள்.

முந்தைய ஐப்பசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு வெளியேறியபோது எங்கள் பெற்றோரும் வன்னிக்குப் போயிருந்தார்கள். ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. தங்கை ஞாயிறுதோறும் என்னை அழைப்பாள். “அம்மா” என்று தொடங்குவாள். அதோடு அழுகை வந்துவிடும். அந்த மாரி முழுவதும் எங்கள் பேச்சு அதைத் தாண்டியதில்லை. அவளுடைய யன்னலுக்குக் குருவி வந்த பிறகுதான் அவளால் பேச முடிந்தது. அம்மாவையும் அப்பாவையும் இருவரும் தொடாமல் விட்டோம்.

போத்தலைப் பல்கனியில் கட்டினேன். ஜூன் நடுப்பகுதியில் நகர நூலகத்தில் பறவை நூல்களைப் புரட்டியபோது விஷயம் தெரிந்தது. அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் வாழ்வதில்லை. ஐரோப்பாவில் மருந்துக்கும் கிடையாது.

மனைவியிடம் சொன்னேன்.

“வந்தது எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோவன். அங்கயிருந்து எட்டிப் பாக்கப்போறாளோ?”

“வராததை வந்ததெண்டு சொல்ல எனக்கு ஏலாது.”

“அப்ப, வராது எண்டு சொல்லுங்கோ.”

“அதுவும் ஏலாது.”

“நல்ல மனிசன்” என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் வெட்டப் போனாள்.

ஒவ்வொரு ஞாயிறும் “வந்ததோ அண்ணை?” என்று தங்கை கேட்பாள். “இன்னும் இல்லைப் பிள்ளை” என்பேன். போத்தல் தொங்கும்வரை அது பொய்யாகாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். தண்ணீரைத் தவறாமல் மாற்றினேன்.

கீழ்வீட்டில் தனியாக வசித்த ஜெர்மன் பெண்மணி, போத்தல் எதற்கு என்று முதலிலேயே கேட்டிருந்தார். சொன்னதும், அந்தக் குருவியின் ஜெர்மன் பெயரைச் சொல்லி, “கொலிப்ரியா? மிருகக்காட்சிச்சாலைக்குப் போங்கள், டிக்கெட் வாங்கினால் காட்டுவார்கள்” என்றார். ஓகஸ்டில் போத்தலைத் தேடி வந்தவை குளவிகள். அவர் தோட்டத்தில் பிளம்ஸ் பழக் கேக்கோடு கோப்பி குடிக்க உட்கார்ந்த ஒரு பிற்பகலில் மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

“உங்கள் கொலிப்ரிகள் என் கேக்கைத் தின்கின்றன. அதைக் கழற்றிவிடுங்கள், தயவுசெய்து.”

கழற்றினேன். இனி “இன்னும் இல்லை” என்று சொல்ல வழியில்லை. வரும் ஞாயிறு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பேச்சு பழையபடி அழுகைக்குத் திரும்பும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அதே பெண்மணி எங்கள் மணியை அடித்தார். “கீழே வாருங்கள். இது குளவி இல்லை.”

அவருடைய ஜெரேனியப் பூக்களுக்கு முன்னால் ஏதோ ஒன்று அந்தரத்தில் நின்றது. அடித்த வேகத்தில் செட்டை தெரியவில்லை, செம்மஞ்சள் மங்கல் மட்டும். ஊசி போல நீண்ட ஒன்றைப் பூவுக்குள் விட்டு உறிஞ்சியது. பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த பூவுக்குப் போனது. மெல்லிய இரைச்சல் கேட்டது. எங்கள் இருவருக்கும் அது குருவியாகத்தான் தெரிந்தது. மேலே போய் என்னிடமிருந்த பூச்சி நூலில் தேடினேன். அந்துப்பூச்சி வகை, கோடையில் தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி வருவது.

ஞாயிறு தங்கை அழைத்தாள்.

“வந்ததோ அண்ணை?”

“உன்ர குருவி இஞ்ச வராது பிள்ளை. இந்தப் பக்கத்திலயே அது இல்லை. போத்தலையும் கழட்டிப்போட்டன்.”

அவள் அழத் தொடங்குமுன் தொடர்ந்தேன்.

“ஆனா நேற்று வேற ஒண்டு வந்தது. அந்தரத்தில நிண்டுதான் தேன் குடிச்சது. பாத்தா குருவிதான். ஆனா பூச்சி.”

“பூச்சியோ?”

“ஓம். ஆறு கால்.”

“எண்ணிப் பாத்தனீங்களோ?”

“புத்தகத்தில பாத்தனான்.”

சிரித்தாள். “அம்மா பாத்திருந்தா குருவி எண்டுதான் நிண்டிருப்பா. கண்ணாடி போடாட்டி அவவுக்குக் கோழியும் காகமும் ஒண்டு.”

“அப்பா திருத்தப் போய் ஏச்சு வாங்கியிருப்பார்.”

“நீங்களும் அப்பாதான் அண்ணை” என்றாள். அவளுடைய தொலைபேசி அட்டை முடியும்வரை அவர்கள் இருவரையும் பற்றியே பேசினோம். அவள் அழவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் பூச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. “ஊரைவிட்டு வெளிக்கிடேக்க அம்மா கண்ணாடியைக் கொண்டு போனவவோ?” என்று கேட்டாள்.

“தெரியேல்லைப் பிள்ளை. அப்பா பாத்து எடுத்திருப்பார்.”

“ஓம்,” என்றாள், “அப்பா எடுத்திருப்பார்.”