இலையில் ஒரு மாத்திரை

என் மனைவிக்கு வலது தோளில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி வந்தது. தொட்டால் கல் மாதிரி இருக்கும். ஓடைப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தல் வேலை முழுக்கத் தலைக்கு மேலேதான். கையைத் தூக்க முடியாதவருக்கு அங்கே வேலையே கிடையாது. கொடி கட்டுவதில் அவளை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. அப்படிப்பட்டவள் வரப்பில் உட்கார்ந்து மற்றவர்கள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, டயாலிசிஸ் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்துத் தேனிக்குப் போவோம். அதற்குக்கூட அவள் கலங்கியதில்லை. கை தூக்க முடியாமல் போனதுதான் அவளை உலுக்கியது. சடை பின்னிக்கொள்ளவும் முடியவில்லை. அந்த வேலை எனக்கு வந்தது. நான் பின்னினால் கொடியைக் கம்பியில் இறுக்கிக் கட்டியது போல இருக்கும். கண் இரண்டும் மேலே இழுபடும். அந்தக் கோலத்தோடு தலை நிமிர்ந்து பஸ் ஏறுவாள்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பற்றுப் போடு என்றார் ஒருவர், கீறி விடு என்றார் இன்னொருவர். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்புக்கு வெளியே, சதைக்குள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். சிறுநீரில் போக வேண்டிய பாஸ்பரஸ் இரத்தத்திலேயே தங்கி, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சதையில் படிகிறது என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. போர் தண்ணீரில் உப்பு ஏறினால் சொட்டுநீர்க் குழாயில் இப்படித்தான் வெள்ளையாகப் பிடிக்கும். குழாய்க்கு ஆசிட் விடலாம், மனுசிக்கு என்ன செய்வது?

"அதுக்குத்தானே மாத்திரை குடுத்திருக்கேன். எப்பம்மா சாப்பிடுறீங்க?" என்றார் டாக்டர்.

"சோறு தின்னு, கை கழுவி, வாய் கொப்பளிச்சிட்டுத்தான் சார். ஒருநேரம் தவறுனதில்ல."

பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அது, சோற்றிலுள்ள பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்துக்கொள்கிற மருந்தாம். சாப்பாட்டுக்கு நடுவில், சோற்றோடு சேர்த்து மென்று தின்ன வேண்டுமாம். எச்சில் கையால் மருந்தைத் தொடுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் எங்கே இருக்கிறது? சுத்தம் பார்த்தே அத்தனை மாத்திரையையும் வீணாக்கியிருந்தோம்.

அந்த மாதமே பழனிசெட்டிபட்டியில் அவள் தம்பி மகளுக்குக் கல்யாணம். பந்தியில் இலை போட்டதும், முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை எடுத்து உப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த இலையில் என் அக்கா.

"ஏ ஆத்தா, நல்ல காரியத்துல இலையில மருந்த வைக்கிற? எடுத்து உள்ள வையி. வீட்டுல போயித் தின்னுக்க."

"சோத்த இங்கன தின்னுட்டு மருந்த அங்கன போயித் தின்னா, அது யாரப் போயிப் பிடிக்கும் மதினி?"

சொல்லிவிட்டு ஒரு வாய் சோற்றுக்குப் பின் மாத்திரையைக் கடித்தாள். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. பாலிலும் பாஸ்பரஸ் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பாயசத்துக்கும் தயிருக்கும் இலைமேல் கையைக் குறுக்கே வைத்தாள். அக்கா பேச்சை மாற்றி, சடையை யார் இப்படி இழுத்துப் பின்னியது என்று கேட்டாள்.

"ஒங்க தம்பிதான். கொடின்னு நெனச்சுப்புட்டாக."

பந்தியே சிரித்தது. இவளைக் கட்டிக்கொள்ள நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

பாலை விட்டாள். உயிராக இருந்த கருவாட்டையும் விட்டாள். டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டினார்கள், அதையும் தாங்கினாள். ஒரு டீயை விடச் சொன்னாலே நான் வீட்டை ரெண்டாக்கிவிடுவேன். கட்டி உடனே கரைந்துவிடவில்லை. பல மாதம் போய் எடுத்த எக்ஸ்ரேயில்தான் வெள்ளை மெலிந்திருந்தது. எல்லாருக்கும் இப்படிக் குறையாது, விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர்.

பிறகு ஒரு நாள், தேனிக்குக் கிளம்ப வேண்டிய காலையில், சீப்போடு கூப்பிட்டேன். வீட்டில் ஆளைக் காணோம். தோட்டத்தில் போய்ப் பார்த்தால் பந்தலுக்கு அடியில் நிற்கிறாள். வலது கை தலைக்கு மேலே. பல்லைக் கடித்துக்கொண்டு, தொங்கிய கொடி ஒன்றைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். சடையும் அவளே பின்னியிருந்தாள், தளர்வாக, அழகாக. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சீப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை இறக்கி, பின்னிய சடையை அவிழ்த்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்தாள்.

"வலிக்காமப் பின்னுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."